காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு

1

சென்ற வாரத்தோடு என் மகளின் முகம் கோணி ஒரு வருடமாகிறது. இதற்கெல்லாமா வருடக் கணக்கு வைத்துக்கொள்வார்கள் என்று என் கணவர் கார்த்தி கேட்டார். நான் வைத்துக்கொள்வேன். நல்ல நாளை மட்டும் நினைவில் வைத்து கேக் வெட்டுகிறவர்கள் வெட்டட்டும்.

இப்போது எப்படி இருக்கிறாள் என்று உடனே கேட்காதீர்கள். நான் மயிலாப்பூரில் வளர்ந்தவள். எதையும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்கு வரும்.

நாங்கள் இருப்பது தெற்கு ஜெர்மனியில் ஒரு சின்ன ஊர். இனியாவுக்கு ஐந்து வயது நடக்கிறது. அவள் போவது காட்டுப் பள்ளிக்கு. பெயரளவில் காடு, உள்ளே ஏசி அறை என்று நினைத்துவிடாதீர்கள். நிஜமாகவே காடு. கட்டடம் கிடையாது. சக்கரம் வைத்த ஒரு மர வண்டி நிற்கும். அதற்குள் ஒரு கணப்பு அடுப்பு. புயல் காற்று அடித்தால் மட்டும் அதற்குள் போவார்கள். மழை, பனி எல்லாவற்றிலும் வெளியேதான். மூன்று வயதிலிருந்து ஆறு வயது வரையுள்ள குழந்தைகள், தோளில் அவரவர் பை, இடுப்புக்கு மேல்வரை ரப்பர் கால்சட்டை. சேற்றில் உட்கார்ந்து சமைக்கிறார்கள். விழுந்து கிடக்கும் மரத்தின்மேல் கைகளை விரித்துக்கொண்டு நடக்கிறார்கள். தேவதாரு காய்களை வரிசையாக அடுக்கிக் கூட்டல் கழித்தல் போடுகிறார்கள். ஒரு வண்டு புரண்டு எழுந்திருக்கும்வரை ஆறு பேர் குப்புறப் படுத்துப் பார்த்ததை நானே கண்டேன். ஒருவரும் அதற்கு உதவவில்லை. அது தானாக எழ வேண்டுமாம்.

முதல் மாதம் வீடியோவில் இதைக் காட்டியபோது என் அக்கா சாந்தி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"இன்னாடி இது, கொட்ற மழைல கொயந்தய வுட்டுகினு சிரிச்சிகினு கீறே? இதுக்கு ஃபீஸ் வேற கட்றியா?"

"கட்றேன்க்கா."

"நல்லா கட்டு. நம்ம தெருவுல வுட்டா சும்மாவே சேத்துல பொரளும்."

2

அக்கா என்னைவிட மிகவும் மூத்தவள். எனக்கு மூன்று வயதாகும்போது அம்மா இறந்துவிட்டாள். அப்பாவுக்கு வேலை, ஷிப்ட், பிறகு குடி. என்னைத் தூக்கி வளர்த்தது அக்காதான். மாட வீதியைத் தாண்டி உள்ளே போகும் ஒரு சந்தில் எங்கள் வீடு. அதன் முன்னறையைத்தான் அக்கா பிற்பாடு ஃபேன்சி ஸ்டோர் ஆக்கினாள். வளையல், ரிப்பன், ஸ்டிக்கர் பொட்டு, கண்மை. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. கேட்டால், "உன்ன இன்னா பண்றது, கடைல வெச்சு விக்கறதா?" என்பாள். என்னைக் கட்டிக் கொடுத்த பிறகு யாரும் அவளைக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

எனக்கு வெளியே விளையாட அனுமதி கிடையாது. தெருவில் ஆட்டோ வரும், குளத்துப் பக்கம் போனால் தவறி விழுவாய், வெயிலில் மூக்கில் ரத்தம் வரும். எல்லாவற்றுக்கும் அக்காவிடம் ஒரு காரணம் இருந்தது. தி.நகரில் நான் படித்த பள்ளியில் விளையாட்டு மைதானம் என்பது பஸ் நிறுத்தும் இடம்தான். மாதத்தில் ஒரு ஞாயிறு பெசன்ட் நகர் கடற்கரைக்குக் கூட்டிப்போவாள். எல்லாப் பிள்ளைகளும் அலையில் குதிக்கும். நான் கணுக்கால் நனைய நிற்பேன். பின்னால் அக்கா என் கவுனின் நுனியை முறுக்கிப் பிடித்துக்கொண்டிருப்பாள். ஒருமுறை நண்டு ஒன்று வளைக்குள் ஓடியது. அதைத் தோண்டிப் பார்க்க எனக்கு அப்படி ஆசை. கவுன் பின்னாலிருந்து இழுபட்டது. அந்த நண்டு எப்படி இருக்கும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அவளைக் குறை சொல்லவில்லை. ஒருத்தியைப் பறிகொடுத்தவள், மிச்சம் இருந்தவளைப் பிடித்துக்கொண்டாள்.

காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது பிடித்து நிறுத்தி, கன்னத்தில் ஒரு மைப்பொட்டு, காலைத் தூக்கி உள்ளங்காலில் ஒன்று. "கல்லடி பட்டாலும் படலாம், கண்ணடி படக் கூடாதுடி." பத்தாவது படிக்கும்வரை உள்ளங்கால் பொட்டு தொடர்ந்தது. மற்ற பெண்கள் கேலி செய்வார்கள் என்று கன்னத்தில் மட்டும் விட்டுக்கொடுத்தாள்.

இனியா பிறந்தபோது இங்கே எங்களுக்கு யாரும் இல்லை. அக்காவின் பாஸ்போர்ட் வந்து சேர்வதற்குள் குழந்தை தவழ ஆரம்பித்துவிட்டது. அப்புறம் கடையை யார் பார்ப்பது என்று அவள் வரவேயில்லை. ஆனால் பார்சல் வந்தது. உள்ளே அரைஞாண் கயிறு, பிள்ளை வளர்ப்பான் என்கிற வசம்பு, ஒரு டப்பா மை. நான் பெரிய நம்பிக்கைக்காரி ஒன்றும் இல்லை. இருந்தாலும் தினமும் வைத்தேன். என் குழந்தைக்காக அக்காவால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான்.

3

காட்டுப் பள்ளியின் முதல் நாளே பொட்டினால் வம்பு வந்தது.

அங்கே ஆசிரியை பிர்கிட். ஐம்பது வயதிருக்கும். நரைத்த கூந்தலைக் குட்டையாக வெட்டியிருப்பாள், குரலை உயர்த்த மாட்டாள். மதியம் நான் கூட்டிவரப் போனபோது, இனியா அவள் மடியில் அழுதுகொண்டிருந்தாள். பிர்கிட் கையில் ஏடிஎம் கார்டு போல ஒரு சின்ன அட்டை, ஓரத்தில் வெட்டு. அந்த வெட்டை இனியாவின் கன்னத்தில் வைத்து எதையோ நெம்பிக்கொண்டிருந்தாள். மை கன்னம் முழுவதும் ஈஷியிருந்தது.

இங்கே காட்டில் உண்ணி அதிகம். கசகசா அளவுதான் இருக்கும். புல்லில் உட்கார்ந்திருந்து, போகிற வருகிற உடம்பில் ஏறி, கழுத்து, அக்குள், காதின் பின்புறம் என்று மெல்லிய தோலாகப் பார்த்துக் கடித்துத் தொங்கும். உடனே எடுத்துவிட்டால் பெரும்பாலும் பயமில்லை. சில நாள் விட்டால் அதன் வயிற்றிலிருக்கும் கிருமி நம் உடம்புக்குள் இறங்கிவிடலாம். அக்காவிடம் சொன்னபோது, "உண்ணியா? அது நாய்க்குத்தானடி வரும்?" என்றாள்.

பிர்கிட் என் பொட்டை உண்ணி என்று நினைத்துவிட்டாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அக்கா வைக்கச் சொன்னதை ஒருத்தி அட்டை போட்டுச் சுரண்டிவிட்டாளே என்று வந்த ஆத்திரம் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். தட்டுத்தடுமாறி ஜெர்மனில் விளக்கினேன். "கண் படாமல்" என்பதற்கு அவர்கள் மொழியில் நான் சொன்னது "கண் வியாதி வராமல்" என்று ஆகிவிட்டது. கண் மருத்துவர் சொன்னாரா என்று கேட்டாள். இல்லை, என் அக்கா சொன்னாள் என்றேன். பிர்கிட் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு மிகவும் மரியாதையாக, "மன்னியுங்கள். இனி அதை நாங்கள் தொட மாட்டோம்" என்றாள்.

சொன்னபடியே செய்தாள். அதுதான் பிறகு வினையாகப் போயிற்று.

மறுநாள் ஒரு கத்தைத் தாள் கொடுத்தார்கள். உண்ணி கடித்தால் நாங்கள் எடுக்கலாமா, அல்லது உங்களைக் கூப்பிட வேண்டுமா? ஒரு கையெழுத்து. வெயில் களிம்பு தடவலாமா? ஒரு கையெழுத்து. முள் குத்தினால் பிடுங்கலாமா? அதற்கும் ஒன்று. நம்மூரில் காதைத் திருகுவதற்கே எந்த டீச்சரும் கையெழுத்து வாங்கியதில்லை. எல்லாவற்றிலும் "செய்யலாம்" என்று போட்டுக் கொடுத்தேன்.

கன்னத்தில் பொட்டு இருந்தால் மற்ற குழந்தைகள் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். இனியாவுக்குப் பிடிக்கவில்லை. அக்காதான் வழி சொன்னாள். "காதுக்குப் பின்னாடி வெய்யி. முடி மூடிக்கும். யாருக்குத் தெரியப் போவுது? சாமிக்குத் தெரிஞ்சா போதும்." அன்றிலிருந்து வலது காதுக்குப் பின்னால். பிர்கிட்டிடமும் சொல்லி வைத்தேன்.

பழைய டப்பா தீர்ந்ததும் அக்கா புது சரக்கு அனுப்பினாள். பேனா மாதிரித் திருகும் மை. பெருமை தாங்கவில்லை அவளுக்கு. "வாட்டர்ப்ரூஃப்டி. மழை பேஞ்சாலும் போவாது, தலைக்கு ஊத்தினாலும் போவாது. காலேஜ் பொண்ணுங்கல்லாம் இத்ததான் கேட்டு வாங்கினு போறாங்க."

4

போன வருடம் ஏப்ரலில் காடு தளிர் விட்டது. இனியா பேசிய தமிழும் அந்த மாதிரிதான் இருந்தது, பாதி அங்கே பாதி இங்கே. "அம்மா, நான் பூக்கே மேல ஏறினேன்" என்பாள். அது ஒரு மரத்தின் பெயர். தமிழில் என்ன என்று கேட்டால் எனக்கே தெரியாது. நம் பக்கத்தில் இல்லாத மரத்துக்கு நான் எங்கே போக? அவளுக்கு எட்டு மரங்களைப் பட்டையைத் தடவியே சொல்லத் தெரிந்தது. எனக்கு வேம்பும் புன்னையும் வாகையும் தெரியும், அதுவும் பூத்திருந்தால்.

தினமும் சாயங்காலம் குளிக்க வைக்கும்போது உண்ணி பார்ப்போம். அக்குள், தொப்புள், முழங்கால் மடிப்பு, கழுத்து. காதுக்குப் பின்னால் முடியைத் தூக்குவேன். என் பொட்டு இருக்கும். முடியை விட்டுவிடுவேன்.

ஒரு திங்கட்கிழமை காலை பொட்டு வைக்கப் போனேன். நேற்று வைத்ததே அப்படியே இருந்தது. ஞாயிறு தலைக்கு ஊற்றியும் போகவில்லை. அக்காவின் சரக்கு சும்மாவா என்று நினைத்துக்கொண்டு மை மூடியைத் திருகி மூடினேன். செவ்வாயும் இருந்தது. புதனும் இருந்தது. வியாழன் காணவில்லை, புதிதாக வைத்தேன்.

அடுத்த வாரம் அந்த இடத்தில் சிவந்திருந்தது. முடிக்குள் பாதி மறைந்து, வட்டமாக, சூடாக. மை ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவு கட்டி அக்காவைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினேன்.

"இன்னா கெமிக்கல்க்கா இது? குழந்த தோலு புண்ணாப் போயிருக்கு. விக்கறதுக்கு முன்னாடி பாக்க மாட்டியா?"

அக்கா "சரிடி" என்று ஃபோனை வைத்துவிட்டாள். என்னிடம் எதிர்த்துப் பேசாமல் அவள் இருந்ததே கிடையாது. பிறகுதான் கேள்விப்பட்டேன், மிச்சமிருந்த அத்தனை மைப் பேனாவையும் எடுத்துக் குப்பையில் போட்டிருக்கிறாள்.

சிவப்பு தானாக மறைந்தது. மை வைப்பதை நிறுத்திவிட்டேன். எல்லோரும் அதை மறந்தும் போனோம்.

மே மாதம் ஒரு காலை. இனியா பால் குடித்துக்கொண்டிருந்தாள். பால் வலது பக்க வாயோரம் வழிந்து சட்டையில் இறங்கியது. "ஒழுங்கா குடி" என்றேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். பாதி முகம் சிரித்தது. பாதி சும்மா இருந்தது.

"அம்மா, என் வாய் இன்னும் தூங்குது" என்றாள்.

வலது கண்ணை அவளால் மூட முடியவில்லை. நான் போட்ட சத்தத்தில் கீழ் வீட்டுக்காரர் மேலே வந்துவிட்டார்.

5

மருத்துவமனையில் ஒரு இளம் மருத்துவர். என் ஜெர்மன் போதாதென்று பொறுமையாகச் சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசினார். உண்ணி கடித்ததா?

"இல்லை. தினமும் பார்க்கிறோம்" என்று நானும் கார்த்தியும் சேர்ந்து சொன்னோம்.

சமீபத்தில் தோலில் எங்கேயாவது வட்டமாகச் சிவந்ததா?

என் கை இனியாவின் காதுக்குப் பின்னால் போனது. அவருக்கு அதுவே போதுமாக இருந்தது.

ரத்தம் எடுத்தார்கள். குழந்தையைச் சுருட்டிப் பிடித்து முதுகெலும்பில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். அவளைப் பிடித்துக்கொண்டது நான். அவள் அழும்போதும் பாதி முகம்தான் அழுதது. அதற்குப் பிறகு நான் எந்தச் சாமியையும் திட்டியதில்லை. இருந்த திட்டெல்லாம் அன்றே தீர்ந்துவிட்டது.

உண்ணியிலிருந்து இறங்கிய கிருமி முகத்தின் நரம்பைத் தாக்கியிருக்கிறது. மருந்து ரத்தக்குழாய் வழியாக இரண்டு வாரம் ஏற வேண்டும். பெரும்பாலான குழந்தைகளுக்கு முகம் திரும்பிவிடும் என்றார். "எல்லாக் குழந்தைகளுக்கும்" என்று சொல்லச் சொல்லி மூன்று விதமாகக் கேட்டுப் பார்த்தேன். மூன்று முறையும் "பெரும்பாலான" என்றே சொன்னார்.

நான்காம் நாள் பிர்கிட் வந்தாள். கையில் பை நிறைய பாசி, ஒரு பறவை இறகு, வழவழப்பான கல். காட்டுப் பிள்ளைகள் கொடுத்தனுப்பியது. இனியா அவளைப் பார்த்ததும் வலது கையால் முகத்தின் வலப்பக்கத்தை மூடிக்கொண்டாள். அந்தப் பழக்கம் முதல் நாளே வந்துவிட்டது. கண்ணாடியில் பார்த்திருக்கிறாள்.

குழந்தை தூங்கியதும் பிர்கிட் என்னை நடைபாதைக்குக் கூப்பிட்டாள்.

"உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். நான் அதைப் பார்த்தேன்."

"எதை?"

"ஏப்ரலில். தொப்பியைக் கழற்றும்போது காதுக்குப் பின்னால் கறுப்பாக இருந்தது. தொட்டுப் பார்க்கக் கை போய்விட்டது. அப்புறம், இது அவள் அம்மா வைப்பது என்று கையை எடுத்துக்கொண்டேன். முதல் நாள் நான் அதைச் சுரண்டியபோது உங்கள் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு நினைவிருந்தது. இன்னொரு தடவை அப்படிச் செய்ய எனக்கு மனம் வரவில்லை."

கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. பார்த்திருக்கிறாள்! காடும் உண்ணியும் இவள் பிழைப்பு. பார்த்துவிட்டுக் கையை எடுத்திருக்கிறாள்! கத்த வேண்டும்போல் இருந்தது. கத்துவதற்கு வேண்டிய ஜெர்மன் என்னிடம் இல்லை. அவள் அழுதுகொண்டிருந்தாள். அந்த ஊரில் ஒரு பெரிய மனுஷி அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"நானும்தான் பாத்தேன்" என்றேன். தமிழில்தான் வந்தது. பிறகு அவள் மொழியில் சொன்னேன். மூன்று நாள் பார்த்தேன். என் பொட்டு என்று நினைத்தேன். அழியாத மை என்று சந்தோஷப்பட்டேன்.

இரண்டு பேரும் அந்த நடைபாதைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவள் எனக்குக் கொடுத்த மரியாதைக்கும் நான் என் அக்காவுக்குக் கொடுத்த மரியாதைக்கும் நடுவில், கசகசா அளவு ஒரு பூச்சி சௌகரியமாக உட்கார்ந்து ரத்தம் குடித்துவிட்டுப் போயிருக்கிறது. இதை யார்மீது போட?

6

அக்காவிடம் சொல்லத்தான் வேண்டியிருந்தது. மை காரணமில்லை, உன்னைத் திட்டியது தப்பு என்று ஆரம்பித்தேன். அவள் அதைக் காதிலேயே வாங்கவில்லை.

"இரு, இரு. மை வெச்சுகினு இருந்ததாலதான் பூச்சி தெரியாம போச்சா?"

"அப்படி இல்லக்கா..."

"கண்ணு படக் கூடாதுன்னு வெக்க சொன்னேன். கடசீல யார் கண்ணுக்கும் தெரியாம பண்ணிட்டேனேடி." கடைக்குள் நின்றுகொண்டு, பொட்டு வாங்க வந்த பெண்கள் பார்க்கப் பார்க்க அழுதாள். ஃபோன் சாய்ந்துவிட்டதில் எனக்குத் தெரிந்தது வளையல் அடுக்கு மட்டும்தான். கடைசியில், "ஊருக்கு வந்துடுடி. காடும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்றாள்.

கார்த்தியும் காடு வேண்டாம் என்றார். ஆதம்பாக்கத்துக்காரர், பேசுவது குறைவு. கட்டடத்துக்குள் நடக்கும் பள்ளிக்கு மனு போட்டு, இடத்துக்காக நகர அலுவலகத்தில் பேசியும் வைத்துவிட்டார். "பூச்சி இருக்கற எடம்னு தெரிஞ்சே திரும்ப அனுப்புவியா?" என்றார்.

பதில் இனியாவிடம் இருந்தது, அதைப் புரிந்துகொள்ள எனக்கு நாளாயிற்று. வீட்டுக்கு வந்த பிறகு அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தே இருந்தாள். கை கன்னத்தைவிட்டு இறங்கவில்லை. முகத்துக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். கன்னத்தை உப்பு, உறிஞ்சுகுழலில் ஊது, கண்ணை இறுக்கு. கண்ணாடி முன்னால் நிறுத்தினால் வீறிட்டு அழுவாள். நான் கெஞ்சினேன், மிரட்டினேன், சாக்லேட் காட்டினேன். ஒருநாள் என் கையைத் தட்டிவிட்டு ஜெர்மனில் ஏதோ சொன்னாள். அவ்வளவு வேகமாகச் சொன்னதில் எனக்குப் பாதிதான் புரிந்தது. புரிந்த பாதி இது: "நான் வெளியே போகணும்."

எனக்கு பெசன்ட் நகர் நண்டு ஞாபகம் வந்தது. என் கை அவள் சட்டையின் முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தது. நான் அதை விட்டேன்.

கார்த்தியிடம் சண்டை போட்டுத்தான் கூட்டிப்போனேன். முதல் வாரம் நானும் கூடவே இருக்கிறேன் என்று பிர்கிட்டிடம் நிபந்தனை வைத்தேன்.

இங்கே புல்வெளியில் ஒரு மஞ்சள் பூ. காய்ந்தால் வெள்ளைப் பஞ்சு உருண்டையாக நிற்கும். ஊதினால் நம்மூர் எருக்கம்பஞ்சு மாதிரி பறக்கும். ஊதுவதுதான் பிள்ளைகளுக்கு அந்த மாதம் முழுவதும் விளையாட்டு. இனியா ஒன்றைப் பறித்து, முகத்தை மூடிய கையை இறக்கி, ஊதினாள். காற்று வலது ஓரமாகப் போய்விட்டது. ஒரு பஞ்சுகூட அசையவில்லை. யோனாஸ் என்று ஒரு பையன், அவள் வயதுதான், பக்கத்தில் நின்று பார்த்தான். "உன் வாயில் ஓட்டை இருக்கு" என்றான். எனக்கு அவனை ஓங்கி ஒன்று வைக்கலாம் போலிருந்தது. இனியா யோசித்துவிட்டு, வலது ஓரத்தை விரலால் அடைத்துக்கொண்டு ஊதினாள். நாலைந்து பஞ்சு பறந்தது.

கண்ணாடி முன்னால் ஒரு தடவைகூட ஊதாதவள் அன்று புல்வெளியை மொட்டையடித்தாள். மறுநாளும் அதே வேலை. அங்கே பூ தீர்ந்ததும், மறுவாரம் பிர்கிட் தூரத்தில் அந்தப் பூ மிச்சமிருந்த புல்வெளிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போனாள், அவ்வளவுதான்.

ஜூலை மாதம் ஒருநாள், விரலை எடுத்துவிட்டு ஊதினாள். பஞ்சு முழுவதும் போய்க் காம்பு மட்டும் நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். இரண்டு பக்கமும் சிரித்தது. நான் புல்லில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். யோனாஸ் பயந்துபோய் பிர்கிட்டைக் கூப்பிடப் போனான்.

ஆகவே, இப்போது எப்படி இருக்கிறாள் என்றால், நன்றாக இருக்கிறாள். மிகவும் களைத்துப்போனால் வலது வாயோரம் ஒரு நூலிழை தாமதமாகச் சிரிக்கும். அது எனக்கு மட்டும் தெரியும்.

7

பிர்கிட் அதற்குப் பிறகு ஒரு புதுப் பழக்கம் கொண்டுவந்தாள். வீட்டுக்குக் கிளம்பும் முன் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து ஒருவர் காதுக்குப் பின்னால் ஒருவர் பார்க்க வேண்டும். கழுத்து, முடியோரம் எல்லாம். குரங்கு விளையாட்டு என்று பெயர். கண்ணால் பார்த்தால் போதாது, விரலால் தடவ வேண்டும். மச்சமா, சேறா, பூச்சியா என்று தடவித்தான் சொல்ல வேண்டும். யார் உடம்பில் எது எப்போதும் இருப்பது, எது இன்று புதிதாக வந்தது என்று அந்தப் பொடிசுகளுக்கு இப்போது அத்துப்படி.

இனியா அதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டாள். சாயங்காலம் ஆனால் உண்ணி எடுக்கும் அட்டையும் கையுமாக வருவாள். கார்த்தி கூச்சத்தில் நெளிவார். எனக்கு நேரம் இருக்காது, குக்கர் வைத்திருப்பேன். அப்புறம் பார்க்கலாம் என்று தட்டிக் கழித்துக்கொண்டே இருந்தேன்.

சென்ற வாரம், நான் சொன்னேனே அந்த வருட நாளில், பிடித்து உட்கார வைத்துவிட்டாள்.

"அம்மா, அசையாதே." முடியைத் தூக்கினாள். விரல் வைத்தாள். "அம்மா, ஒண்ணு இருக்கு."

கார்த்தி ஃபோன் வெளிச்சத்தோடு ஓடி வந்தார். அவள் அவரை விலக்கிவிட்டு மறுபடி தடவினாள், அழுத்தினாள், நகத்தால் மெல்ல நெம்பினாள்.

"பூச்சி இல்ல. மச்சம். இது உன்னோடதுதான்" என்றாள்.

எனக்கு அங்கே ஒரு மச்சம் இருப்பது எனக்கே தெரியாது. கார்த்தியைப் பார்த்தேன். "உன் காதுக்குப் பின்னாடி நான் எதுக்குப் பாக்கறேன்?" என்றார்.

அக்காவுக்கு வீடியோ போட்டேன். கடை மூடும் நேரம்.

"யக்கா, என் காதுக்குப் பின்னாடி மச்சம் இருக்காமே, உனக்குத் தெரியுமா?"

"மச்சமா? தெரியாதேடி." வளையல் பெட்டியைக் கீழே வைத்தாள். "கன்னத்துல வெப்பேன், பாதத்துல வெப்பேன். அங்கல்லாம் பாத்ததில்ல. அதெல்லாம் அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கும்."

பிறகு அவளே சிரித்தாள். "உன்னுதாவது இப்ப தெரிஞ்சுது. என் காதுக்குப் பின்னாடி இன்னா கீதுன்னு யாருக்குத் தெரியும்? அம்மா போனப்புறம் யாரு பாத்தா?"

சாதாரணமாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு ஷட்டருக்குச் சாவி தேடினாள். என்னை இத்தனை வருடம் தூக்கிச் சுமந்தவளை நான் ஒரு தடவைகூட அப்படிப் பார்த்ததில்லை. ஃபோனை இனியாவிடம் கொடுத்தேன்.

"பெரிம்மா, நாங்க டிசம்பர்ல வரோம்ல. நான் பாக்கறேன்."

"எத்த பாக்கப் போறே?"

"உன் காதுக்குப் பின்னாடி. கார்டு எடுத்துட்டு வரேன்."

"அடி என் தங்கம்! மயிலாப்பூர்ல உண்ணியெல்லாம் கெடையாதுடி."

"இல்லேன்னாலும் பாக்கணும்" என்றாள் இனியா.